மெத்தைக் கடையில் நின்ற பைக்

ரயில் பாலத்தின் மேல் ஏறும்போது என் ஸ்கூட்டர் போடும் கூச்சலில், பின்னால் உட்கார்ந்திருப்பவர் வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாகவே சொன்னாலும் எனக்குக் கேட்காது. அதனால் அண்ணி ஏற்றத்தில் வாயே திறக்கமாட்டார். உச்சி தாண்டி இறங்க ஆரம்பித்ததும் உலகம் அமைதியாகிவிடும். கேஸ் சம்பந்தப்பட்ட முக்கியமான சமாசாரங்களை எல்லாம் அங்கேதான் சொல்வார். எட்டு வருஷமாக எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் ஆலோசனைக் கூட்டம் அந்த இறக்கத்தில்தான் நடக்கிறது. நிறுவனம் என்றால் அண்ணியும் நானும். அவர் மூளை, நான் ஸ்கூட்டர்.

அண்ணி இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து மனுக்களைப் படித்தவர். மனிதர்கள் சொல்லும் பொய்யில் எத்தனை தினுசு உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அவரைக் கல்யாணம் செய்துகொண்ட என் அண்ணன் இதனாலேயே ரொம்ப நல்லவராகிவிட்டார்.

"தம்பி, நாலு மணிக்குள்ள முடிக்கணும்" என்றார் அண்ணி, உச்சி தாண்டிய கையோடு. "அந்தப் பொண்ணு ஷெட்டைக் காலி பண்ணிட்டா, அப்புறம் நாம உண்மையைக் கண்டுபிடிச்சு ஃப்ரேம் போட்டு மாட்டிக்க வேண்டியதுதான்."

விவகாரம் இதுதான். பாலத்தின் கீழே இருக்கும் மோட்டார் சைக்கிள் சங்கம் மூன்று மாதமாக இரண்டாகப் பிளந்து கிடந்தது. சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். பயிற்சி வண்டிகள் அத்தனையிலும் பவர் உதவியோடு வரும் ஏபிஎஸ் பிரேக் வேண்டும் என்பது அவர் கட்சி. சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். லேசாகத் தொட்டாலே அது பிரேக்கை இறுக்கிக் கொடுக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கப் பார்த்தால் அதுவே விட்டு விட்டுப் பிடிக்கும். இவர்களுக்குப் பெட்டிக் கட்சி என்று பெயர் விழுந்துவிட்டது.

எதிர்க்கட்சித் தலைவர்தான் சங்கத்துக்கும் தலைவர். நாற்பது வருஷமாக இரண்டே விரலால் பிரேக் பிடித்து வண்டி ஓட்டுபவர், அதனால் ஊருக்கெல்லாம் ரெட்டைவிரல். பிரேக் என்பது விரலுக்கும் ரோட்டுக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை, நடுவில் ஒரு பெட்டி உட்கார்ந்து கோள்மூட்டக் கூடாது என்பது அவர் வாதம். இது விரல் கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் டீ குடிக்கக்கூட வேறு வேறு பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஒரு சோதனை வைப்பது என்று முடிவானது. பெட்டி வைத்த பைக்கை ரெட்டைவிரலே ஓட்டிப் பாலத்திலிருந்து இறங்கி, சங்க மைதானத்துக்கு முன்னால் போட்ட வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். எதிராளியே ஓட்டினால் அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாதல்லவா. பைக்கைத் தயார் செய்தது சங்கத்தின் தகர ஷெட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். அந்தப் பெண் ரெட்டைவிரலின் சொந்த மருமகள் என்பதுதான் இதில் உள்ள காரம்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு ரெட்டைவிரல் இறங்கினார். வெள்ளைக் கோட்டைத் தாண்டினார். 'பாதுகாப்பே முதல்' என்று எழுதிய பேனரைக் கிழித்துக்கொண்டு மேடையின் ஓரத்தைத் தாண்டினார். எதிரே இருந்த மெத்தைக் கடைக்குள் நுழைந்து ஒன்பதாவது மெத்தையில் நின்றார். கணுக்கால் லேசாகப் பிசகியதைத் தவிர அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரேக்கே தண்டம் என்றது விரல் கட்சி. பிரேக் தங்கம், மாட்டிய கைதான் சரியில்லை என்றது பெட்டிக் கட்சி. எது எப்படி இருந்தாலும் மெக்கானிக் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. மூன்று மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. தீர்மானம் இன்று மாலை நாலு மணிக்கு. அந்தப் பெண் காலையில் வந்து அண்ணி முன்னால் உட்கார்ந்து, அழாமல், இரண்டு கிளாஸ் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

*

மெத்தைக் கடைக்காரர் பைக்கை அசைக்கவே இல்லை. அதன் மேல் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்: 'பறந்து வந்த வண்டியையே தாங்கிய மெத்தை.' நேற்றிலிருந்து பதினாலு ஆர்டர் வந்திருக்கிறதாம். என் மூக்கு உடனே வியர்த்தது. யாருக்கு லாபமோ அவன்தான் குற்றவாளி என்பது என் தொழில் கொள்கை. இதைக் கொண்டு நான் இதுவரை ஒரு கேஸையும் தீர்த்ததில்லை, அதற்காகக் கொள்கையை மாற்றிக்கொள்ள முடியுமா?

வண்டி உள்ளே வந்ததும் என்ன செய்தீர்கள் என்று அண்ணி கேட்டார்.

"முதல்ல சாவியைத்தாம்மா எடுத்தேன். பெட்ரோல் கசிஞ்சு தீப்பிடிச்சா என் பஞ்செல்லாம் போயிடுமே."

"சாவியைத் திருப்பி எடுத்தீங்களா?"

"திருப்பறதுக்கெல்லாம் நேரம் ஏது? கையை வெச்சேன், உருவினேன், வந்துடுச்சு. அந்தா, டிராயர்ல கிடக்கு."

அண்ணி அதைக் குறித்துக்கொண்டார். இதில் குறிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் ஒரு மெத்தையில் சாய்ந்து யோசித்தேன். மெத்தை நன்றாகத்தான் இருந்தது. அதுவும் சந்தேகத்துக்கு இடமானதுதான்.

பக்கத்து மெத்தையில் ரெட்டைவிரல் காலை நீட்டிப் படுத்திருந்தார். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டாராம். வீட்டில் ஓய்வெடுத்தால் மருமகள் முகத்தில் விழிக்க வேண்டும். நேற்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மனுஷர் காலையிலேயே பழைய பைக்கில் பாலத்தைத் தாண்டி இங்கே வந்து படுத்துவிட்டார். வாடிக்கையாளர்கள் அவரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர் சொன்னது சுருக்கம். கோட்டுக்கு முன்னால் வழக்கம் போல இரண்டு விரலால் பிரேக்கை அழுத்தினார். பிரேக் கல்லாக இருந்தது. வண்டி தன்பாட்டுக்குப் போனது.

"நாலு விரலையும் போட்டு அழுத்திப் பார்த்திருக்கலாமே?" என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "அப்புறம் என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

நாங்கள் கிளம்பும்போது அண்ணியை மட்டும் கிட்டே கூப்பிட்டார். தப்பு அந்தப் பெட்டி மேல்தான், மருமகள் மேல் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

*

ஷெட்டில் மெக்கானிக் ஸ்பானர்களைப் பழைய பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணி கேட்டதும் அதே மாதிரிப் பெட்டி வைத்த இன்னொரு வண்டியைக் காட்டினாள். சாவியைப் போட்டுப் பிரேக்கைத் தொட்டாள். சீட்டுக்கு அடியிலிருந்து 'ங்ங்ங்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. கொசு மைக் பிடித்தால் அப்படித்தான் இருக்கும்.

"இதுதாங்க அந்த மோட்டார். பிரேக்கைத் தொடும்போதெல்லாம் பாடும். மாமாவுக்கு இந்தச் சத்தமே ஆகாது." சாவியை அணைத்தாள். "இப்ப நீங்க அழுத்திப் பாருங்க."

நான் அழுத்தினேன். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினேன். பிறகு அண்ணி பார்ப்பதால் சிரித்தேன்.

சாவி அணைந்தால் மோட்டார் தூங்கிவிடும். பிரேக் இருக்கும், உதவி இருக்காது. பிழிந்து எடுக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். மாமாவிடம் இதைச் சொன்னாயா என்று அண்ணி கேட்டார். ஓட்டம் நடக்கும்போது சாவியைத் தொடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னாளாம். ஓடுகிற வண்டியில் சாவியை அணைக்க எனக்கென்ன பைத்தியமா என்று அவர் மூன்று தடவை கேட்டாராம்.

ஆக, ஒயரை யாரோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர் மெத்தை விற்பவர். எனக்குக் கேஸ் முடிந்துவிட்டது. அண்ணிக்கு முடியவில்லை. ஒயர்கள் எல்லாம் முழுசாக இருப்பதை மெக்கானிக் நேற்றே செயலாளர் முன்னால் காட்டிவிட்டாளாம். அப்படியானால் நீ முந்தின நாள் தப்பாக மாட்டி, விபத்துக்குப் பிறகு சரி செய்திருப்பாய் என்று அவர் சொல்லிவிட்டாராம். பல் டாக்டர்களிடம் வாதாட முடியாது, பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடியே வைத்திருக்கச் சொல்வார்கள்.

மூன்றாவதாக மைக் செட்காரரிடம் போனோம். ஊருக்கு அந்தப் பெட்டியின் பாட்டைக் கேட்க வைக்க வேண்டும் என்று செயலாளர் ஆசைப்பட்டதால், வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மைக் வைத்திருந்தாராம். மேடையில் செயலாளரே கமென்ட்டரி கொடுத்துக்கொண்டிருந்ததால் அந்த மைக்கை ஸ்பீக்கரில் விடவில்லை, பதிவு மட்டும் ஆகியிருந்தது.

"அதுல ஒண்ணும் இல்லீங்க. அந்தக் கொசுச் சத்தம் வரவே இல்ல. நான் முழுசாக் கேக்கக்கூட இல்ல" என்றார்.

அண்ணி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டார். முதலில் தலையை ஆட்டினார். பிறகு ஒரு இடத்தில் அவர் முகம் மாறியது. கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன கேட்டுச்சு அண்ணி?"

"கேக்க வேண்டியது எதுவும் கேக்கல தம்பி. கேக்கக் கூடாதது ஒண்ணு கேட்டுது."

மணி மூன்றரை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரிந்த மாதிரித் தலையாட்டுவதில் எனக்கு எட்டு வருஷ அனுபவம் உண்டு.

*

நாலு மணிக்குச் சங்கக் கூடத்தில் பதினாலு உறுப்பினர்களும் கூடினார்கள். ரெட்டைவிரலை நாலு பேர் மெத்தையோடு தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். மெத்தைக் கடைக்காரரின் உபயம். பக்கவாட்டில் கடையின் போன் நம்பர் எழுதியிருந்தது. மெக்கானிக் கதவோரம் நின்றாள். கையில் ஷெட் சாவி.

செயலாளர் தீர்மானத்தைப் படிக்க வாயைத் திறந்ததும் அண்ணி எழுந்தார்.

"ஒரு சின்ன விஷயம். மெத்தைக் கடைக்காரர் பைக் சாவியைத் திருப்பாம உருவியிருக்கார். வண்டி ஆன்ல இருந்தா சாவி வெளிய வராது. உங்க யார் வண்டியில வேணாலும் போய்ப் பாருங்க. அது ஏற்கெனவே அணைஞ்சிருந்த சாவி. சாவி அணைஞ்சதால உதவி அணைஞ்சுது. உதவி அணைஞ்சதால ரெண்டு விரல் பத்தல."

நான் சட்டென்று எழுந்து மெத்தைக் கடைக்காரரைச் சுட்டிக்காட்டினேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அணைச்சது தலைவர்தான்" என்றார்.

ரெட்டைவிரல் மெத்தை மேலேயே எழுந்து நிற்கப் பார்த்தார். அது உள்ளே அமுங்கியதில் தடுமாறி உட்கார்ந்தார். நாற்பது வருஷ ஓட்டத்தின் மேல் ஆணையாகத் தான் சாவியைத் தொடவே இல்லை என்றார். விரல் கட்சி முழுவதும் அவர் பின்னால் எழுந்து நின்றது.

"இவர் பொய் சொல்லல" என்றார் அண்ணி. "பொய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தம்பி, ஸ்கூட்டரை எடு. பாலத்துல ஏறித் திரும்பி இறங்கி வா. எல்லாரும் கீழ நின்னு பாருங்க."

ஏன் எதற்கு என்று கேட்காமல் போனேன். ஏறினேன், திரும்பினேன், இறங்கினேன். கீழே பதினாலு பேரும் மெத்தையும் பாலத்தடியில் நின்று என்னையே பார்த்தது பெருமையாகக்கூட இருந்தது. அண்ணி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"வர்ற வழியில சாவியைத் தொட்டியா?"

"சத்தியமா இல்ல அண்ணி."

"அப்ப உன் ஸ்கூட்டர் சத்தம் எங்க?"

குனிந்து பார்த்தேன். சாவி அணைந்திருந்தது. என் இடது கை அப்போதுதான் ஒன்றும் தெரியாத மாதிரி பிடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. என் கையைப் பற்றி இவ்வளவு வருஷம் நான் நல்லபடியாக நினைத்திருந்தேன்.

"பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால பெட்ரோல் தட்டுப்பாடு வந்துதே, ஞாபகம் இருக்கா?" என்றார் அண்ணி, எல்லோரையும் பார்த்து. "ஆறு மாசம். ஒரு சொட்டு மிச்சம் பிடிக்கணும்னு ஊரே இந்தப் பாலத்துல உச்சி தாண்டினதும் மூணாவது விளக்குக்கம்பத்துல சாவியை அணைச்சுட்டு உருண்டு வந்துது. தட்டுப்பாடு போயிடுச்சு. கைங்களுக்கு யாரும் சொல்லல."

இது படிக்காதவர்கள் செய்வது என்று செயலாளர் சிரித்தார். தன் வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார். மூன்றாவது விளக்குக்கம்பம் வரை வண்டி உறுமியது. அதற்குப் பிறகு டயர் சத்தம் மட்டும் கேட்டது. கீழே வந்து இறங்கியவர் வெகுநேரம் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். பதினாலு பேரில் பதினொரு பேர் அதே கம்பத்தில் ஊமையானார்கள். மீதியில் ஒருவருடைய சாவி துருப்பிடித்துத் திரும்புவதே இல்லை; இரண்டு பேர் சைக்கிளில் வந்திருந்தார்கள். கடைசியாக ரெட்டைவிரல், பிசகிய காலோடு, யார் சொல்லியும் கேட்காமல் மெத்தைக் கடை வாசலில் நின்ற தன் பழைய பைக்கில் ஏறினார். சத்தமில்லாமல் இறங்கி வந்து நின்றார். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப அண்ணி கண்டுபிடிச்சீங்க?" என்றேன் மெதுவாக.

"எட்டு வருஷமா நம்ம மீட்டிங் ஏன் இறக்கத்துல மட்டும் நடக்குதுன்னு நினைச்சே?"

*

அதோடு முடிந்திருக்கும். ஆனால் செயலாளர் விடவில்லை. எல்லாருக்கும் இந்தக் கை இருக்கலாம். நேற்று பத்து மணிக்கு இதுதான் நடந்தது என்பதற்கு என்ன சாட்சி என்றார். மெக்கானிக் ஷெட் சாவியை இறுக்கிப் பிடித்தாள்.

அண்ணி கையைக் காட்டினார். மைக் செட்காரர் பதிவை ஸ்பீக்கரில் விட்டார்.

முதலில் கூட்டத்தின் இரைச்சல். பிறகு தூரத்தில் ஒரு பைக் வரும் சத்தம், திடீரென்று நின்றது. எஞ்சின் இல்லை, பெட்டியின் பாட்டும் இல்லை. நேற்றுக் கமென்ட்டரியில் யார் காதிலும் விழாத ஒரு குரல் மைக்கை நெருங்கி நெருங்கித் தெளிவாக வந்தது. ரெட்டைவிரல், தான் மட்டும்தான் கேட்கிறோம் என்ற நம்பிக்கையில், மேடைப் பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே. மூணு நாளா இந்த வண்டியை யாருக்கும் தெரியாம ஓட்டிப் பார்த்தேன். விரல் தோத்துடுச்சு. என் மருமக சொன்னதுதான்... ஐயையோ."

அப்புறம் பேனர் கிழியும் சத்தம். அப்புறம் ஒரு 'பொத்'. மெத்தைக் கடைக்காரர் பெருமையோடு சுற்றிலும் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. விரல் கட்சிக்காரர்கள் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

மெக்கானிக் நேராக நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். இரண்டு நாளில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "நான் சொன்னதுதான், என்ன மாமா? பாதியில நிறுத்திட்டீங்க."

"நான் எங்கம்மா நிறுத்தினேன். நிறுத்த முடியலையேன்னுதானே இவ்வளவு கலாட்டா." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். "என் மருமக சொன்னதுதான் சரி. அதை மேடையில வந்து சொல்லத்தான் வந்தேன். மேடை போயிடுச்சு, மெத்தைக் கடை வந்துடுச்சு. தப்பு பிரேக்கோடது இல்ல, மாட்டினவளோடதும் இல்ல. என் இடது கையோடது. ஷெட் மேல யாராவது கை வெச்சா என் ரெண்டு விரலையும் பார்க்க வேண்டி வரும்."

தீர்மானத்தைச் செயலாளர் நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். மெக்கானிக்கே எழுந்து, சக்கரம் பூட்டாமல் காப்பது ஒரு வேலை, அழுத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது வேறு வேலை, முதலாவதை வைத்துக்கொள்ளலாம், சாவியோடு சேர்ந்து தூங்கிவிடும் இரண்டாவதைப் பற்றி மாமா பயந்ததிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றாள். அவ்வளவுதான், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று இரண்டு கட்சியும் உடனே புதிதாகச் சண்டையை ஆரம்பித்தன. இந்தத் தடவை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போட்டார்கள்.

நாங்கள் கிளம்பும்போது ஷெட்டில் அவள் ஸ்பானர்களைப் பேப்பரிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். ரெட்டைவிரல் ஒவ்வொன்றாக வாங்கி ஆணியில் மாட்டினார், இரண்டு விரலால். நான் ஸ்கூட்டரை உதைத்தேன்.

பாலத்தில் ஏறும்போது இடது கையை விறைப்பாகப் பிடியில் வைத்துக்கொண்டேன். உச்சி வந்தது. முதல் கம்பம். இரண்டாவது கம்பம். பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவதும் போனது. ஜெயித்துவிட்டேன் என்று பின்னால் திரும்பி அண்ணியிடம் சொன்னேன். பத்தொன்பது வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டவன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"கத்தாம சொல்லு தம்பி" என்றார் அண்ணி, காற்று மட்டும் காதில் உரச. "நல்லாவே கேக்குது."